எழுந்தேற்ற நேரத்தில் முழங்கால் போட இடமில்லை: பழைய பக்தி வழக்கங்களை நம் பங்குகளில் திரும்பக் கொண்டுவர முடியுமா?

தேனாற்றங்கரை:

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, அதனால் எங்கள் கத்தோலிக்கப் பங்கின், அதாவது கோவில் சபையின், பெயரை விட்டுவிடுகிறேன்.

போன மாதம் ஞாயிறு பூசைக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 81 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோவிலைப் புதுப்பித்தார்கள். பழைய ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளபளப்பான டைல்ஸ் போட்டார்கள், ஆட்கள் அதிகம் உட்காரட்டும் என்று பெஞ்சுகளை நெருக்கிப் போட்டார்கள், நற்கருணைப் பேழையைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள், பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நற்கருணை வாங்க இருந்த தடுப்பான கிராதியையும் எடுத்துவிட்டார்கள். நானும் அன்றைக்கு நன்கொடை கொடுத்தவன்தான். அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை.

எழுந்தேற்றம் வந்தது, அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாகும் நேரம். அப்பத்தா முழங்கால் போடப் பார்த்தார். முன் பெஞ்சு இடித்தது. மெதுவாக நடைபாதைக்கு வந்து, எப்போதும் செய்வதுபோல முந்தானையைத் தரையில் ஒரு சுற்று விரித்து, இடது கையை ஊன்றி இறங்கினார். 'என் ஆண்டவரே, என் தேவனே' என்று சொல்லி நெஞ்சில் தட்டிக்கொள்வதற்குள் ஒரு தன்னார்வலர் வந்து குனிந்து, 'பாட்டி, கேமராவுக்கு மறைக்குது, சேர்ல உக்காருங்க' என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பத்தா எழுந்து உட்கார்ந்துகொண்டார். கீபோர்டு மெலிதாக ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: 'சாமி எழுந்தருளுறப்ப உக்காந்துக்கிட்டே இருக்கலாம்னு இப்ப மாத்திட்டாங்களாப்பா?'

எனக்குப் பதில் தெரியவில்லை. திருச்சபை உண்மையில் என்ன சொல்கிறது? பங்குப் பேரவையில் சண்டை வராமல் இதை எப்படிப் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறைக்கல்வி டீச்சர்:

தம்பி, அப்பத்தாவிடம் சொல்லுங்கள், யாரும் எதையும் மாற்றவில்லை.

திருப்பலிப் புத்தகத்தின் முன்பகுதியில் பொது விதிமுறை இருக்கிறது. அதில் 43-ஆம் எண்: எழுந்தேற்றப் பகுதியில் மக்கள் முழங்காலில் இருக்க வேண்டும். உடம்பு முடியாமை, இடநெருக்கடி, பெருங்கூட்டம் போன்ற காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. முழங்கால் போட முடியாதவர்கள்கூட, குருவானவர் முழந்தாளிடும்போது உடலை வளைத்து ஆழ்ந்து வணங்க வேண்டும். வெறுமனே உட்கார்ந்திருப்பது எங்கும் சொல்லப்படவில்லை. கேமராவும் அந்தக் காரணப் பட்டியலில் இல்லை.

அதே விதிமுறையில் 32-ஆம் எண்ணையும் பாருங்கள். குருவானவர் தலைமை மன்றாட்டுகளைச் சொல்லும்போது வேறு ஜெபமோ பாட்டோ கூடாது, ஆர்கன் உட்பட எல்லா இசைக்கருவியும் அமைதியாக இருக்க வேண்டும். எழுந்தேற்றம் நடக்கிற நற்கருணை மன்றாட்டு இதில் முதலில் வருவது. நம் பங்குகளில் அந்த நேரத்தில்தான் கீபோர்டில் ஏதோ ஒரு சோக ராகம் ஓடுகிறது. பக்தியாக இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள், ஆனால் செய்யக்கூடாதது.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவது பற்றியும் சிலர் குழம்புகிறார்கள். 2004 மார்ச் 25 தேதியிட்டு உரோமை வெளியிட்ட 'ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும்' ஏட்டில் 91, 92 எண்கள் தெளிவாக இருக்கின்றன. நாக்கில் வாங்குவது ஒவ்வொரு விசுவாசிக்கும் எப்போதும் உள்ள உரிமை. முழங்காலில் வாங்க விரும்புகிறார் அல்லது நின்று வாங்க விரும்புகிறார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு நற்கருணையை மறுக்கக்கூடாது. இரண்டு பக்கத்தாரையும் காக்கும் விதி இது.

பாடற்குழு தம்பி:

டீச்சர் சொன்னதைப் படித்தேன். நான் 14 வருடமாகக் கோவிலில் கீபோர்டு வாசிக்கிறேன். 32-ஆம் எண்ணை இதுவரை எனக்கு யாரும் காட்டியதில்லை. அதைத் தனியாக யோசிக்கிறேன்.

ஆனால் பழையது எல்லாம் பக்தி, புதியது எல்லாம் கூத்து என்று இந்த இழை போய்விடக்கூடாது. என் தாத்தா லத்தீன் பூசை கண்டவர். சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார், ஜனங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு இருப்பார்கள், மணி அடித்தால்தான் எந்த இடம் நடக்கிறது என்று தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1963 டிசம்பர் 4-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பிறகு, நம் மொழியில் பூசை வந்து, நாம் பாடுகிறோம், பதில் சொல்கிறோம். எங்கள் குழுவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பதிலுரைப் பாடலைப் பாடினால் முழுக் கோவிலும் திரும்பச் சொல்கிறது. அதுவும் மரியாதைதானே? அமைதி மட்டுமா மரியாதை?

ஓய்வு வாத்தியார், தேவகோட்டை:

பாடற்குழு தம்பி சொன்னது உண்மை. நான் அந்தக் காலத்துப் பீடச்சிறுவன். பீடத்தின் அடியில் முழங்காலில் இருந்துகொண்டு 'அத் தேயும் குயி லேத்தீஃபிக்காத் யுவெந்தூத்தெம் மேயாம்' என்று மூச்சுவிடாமல் சொல்வேன். என் இளமையை மகிழ்விக்கும் கடவுளிடம் போவேன் என்று அர்த்தம். பல வருடம் கழித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது. ஒன்பது வயதில் தெரிந்ததெல்லாம், தப்பாகச் சொன்னால் உபதேசியார் காதைத் திருகுவார் என்பதுதான். அந்த நிலைமை திரும்ப வர வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அர்த்தம் தெரியாவிட்டாலும், ஏதோ பெரியது நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது. எப்படி? உடம்பு வழியாக. நடுராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நன்மைக்குப் போவோம். 1953-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் குடிக்கலாம் என்றார், 1957-ல் மூன்று மணி நேரமாக்கினார், 1964-ல் ஆறாம் சின்னப்பர் ஒரு மணி நேரம் போதும் என்றார். எங்கள் அம்மா கடைசிவரை வெறும் வயிற்றோடுதான் போனார். கிராதியின் மேல் நீளமாக ஒரு வெள்ளைத் துணி தொங்கும். இரண்டு கையையும் அந்தத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, கண்ணை மூடிக் காத்திருப்போம். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது. சாமியாரின் செருப்புச் சத்தம் ஒவ்வொருவராகக் கடந்து நம்மை நோக்கி வரும். அந்தக் காத்திருப்பு இன்றைக்கும் என் உடம்பில் இருக்கிறது.

இப்போது வரிசையில் நடந்துபோய், வாங்கி, நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொண்டு வருகிறோம். கையில் வாங்குவது தவறில்லை. நின்ற இடத்திலேயே உட்கொண்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதைக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முக்காடு பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1917 திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அது இருந்தது, 1983 தொகுப்பில் இல்லை. போடுகிறவர் போடட்டும், போடாதவரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

பாம்பாற்றுக்கரை:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

'மரியாதை' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் சீமையில் மரியாதை என்றால் என்ன? யாருக்கு முதல் வெற்றிலை, யாருக்குப் பரிவட்டம், யார் தேர் வடத்தைத் தொடலாம், யார் தொடக்கூடாது. கோவில் மாறினாலும் அந்தக் கணக்கு மாறவில்லை. வாத்தியார் ஐயா வருணித்த அந்த வெள்ளைத் துணிக் கிராதிக்கு என் தாத்தா போனது மற்றவர்கள் எல்லாம் வாங்கி முடித்த பிறகு. அவர் இருந்த இடம் கோவிலின் ஒரு ஓரம். கல்லறையும் தனி.

அதனால் 'பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவா' என்று யாராவது சொன்னால், எந்தப் பழையது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

ஆனால் என் தாத்தா சொன்ன ஒன்றையும் சொல்ல வேண்டும். வருடா வருடம் ஓரியூருக்கு நடந்து போவார். போர்த்துக்கீசிய வேதபோதகர் புனித அருளானந்தரை 1693 பிப்ரவரி 4-ல் வெட்டிய இடத்தில் அந்தச் செம்மண்ணில் விழுந்து கும்பிட்டு, மண்ணை நெற்றியில் பூசி, ஒரு பிடி மடியில் கட்டிக்கொண்டு வருவார். ஒரு தடவை நான் கேட்டேன், ஊரில் எல்லார் முன்னாலும் குனிந்து நிற்கிறீர்களே, இங்கேயும் குனிய வேண்டுமா என்று. அவர் சொன்னார்: 'ஊர்ல குனிஞ்சதெல்லாம் கட்டாயம்டா. இங்க மட்டுந்தான் நானா முட்டி போட்டேன்.'

கேமராவுக்காக அந்தப் பாட்டியை எழுப்பியதைப் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அவர் தானாகப் போட்ட முழங்காலை யாரும் எழுப்பிவிடக்கூடாது. கிராதி வருமானால் வரட்டும். அதில் யார் பக்கத்தில் யார் என்ற கணக்கு இருக்கக்கூடாது.

தேனாற்றங்கரை:

பாம்பாற்றுக்கரை அண்ணே, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், 'எங்க காலத்துலயும் அது இருந்துச்சு, நாங்க பார்த்துக்கிட்டே இருந்தோம்' என்றார். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கிராதி வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. முழங்கால் போட இடம் வேண்டும், எழுந்தேற்றத்தில் அமைதி வேண்டும். இந்த இரண்டு போதும்.

பீடச்சிறுவன்:

நான் பன்னிரண்டாம் வகுப்பு. இன்னும் பீடத்தில் உதவி செய்கிறேன். எங்கள் பங்கில் மணி அடிப்பதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது. மைக் இருக்கும்போது மணி எதற்கு என்று சொன்னார்கள். மணி அடிக்கலாமா கூடாதா?

ஒரு வலைத்தளத்தில் லத்தீன் பூசைதான் உண்மையான பூசை என்று எழுதியிருந்தார்கள். அதுவும் சரியா?

மறைக்கல்வி டீச்சர்:

மணி அடிக்கலாம் கண்ணா. விதிமுறை 150-ஆம் எண். எழுந்தேற்றத்துக்குச் சற்று முன் அடையாளமாக அடிக்கலாம், அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போதும் அந்தந்த ஊர் வழக்கப்படி அடிக்கலாம்.

இரண்டாவது கேள்வி. சரியில்லை. நீ தமிழில் காண்கிற பூசை முழுமையான, உண்மையான பூசை. பழைய லத்தீன் முறைக்கு 2007-ல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் பரவலாக அனுமதி தந்தார், 2021-ல் பிரான்சிஸ் அதை ஆயரின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அது தனி விஷயம். அந்த இணையச் சண்டைக்குள் போகாதே. உன் பீடத்தில் ஒழுங்காக முழந்தாளிடு, அது போதும்.

சருகணிப் பேத்தி:

எல்லாரும் பெஞ்சு, கிராதி என்று பேசுகிறீர்கள். எங்கள் அம்மாயி காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமக் கோவில்களில் பெஞ்சே கிடையாதே! தரையில்தான் உட்காருவோம். பாய் விரிப்பார்கள். உட்கார்ந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தால் முழங்கால், இன்னும் சாய்ந்தால் நெற்றி தரையைத் தொடும். அதற்கென்று தனி இடமே தேவையில்லை. பெஞ்சு வந்த பிறகுதான் முழங்காலுக்கு இடம் தேட ஆரம்பித்தோம்.

இது உரோமைக்குத் தெரியாமல் நடந்ததும் இல்லை. இந்திய ஆயர்கள் கேட்டதன் பேரில் 1969 ஏப்ரல் 25-ல் பன்னிரண்டு அம்சங்களுக்கு உரோமை அனுமதி தந்தது. தரையில் உட்காருவது, செருப்பைக் கழற்றுவது, பஞ்சாங்க நமஸ்காரம் (முழங்காலிட்டு நெற்றி தரையில் படக் கும்பிடுவது), முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அல்லது கைகூப்புவது, மெழுகுவர்த்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு, ஆரத்தி, எல்லாம் அதில் வரும். ஆயர்களின் பெங்களூர் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்திலிருந்து அதற்காக உழைத்தவர் செஞ்சிப் பக்கத்தில் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகளார். அப்போது 'இந்து மயமாக்குகிறார்கள்' என்று எதிர்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் செருப்பைக் கழற்றச் சொன்னது மோசேயிடம் கடவுளே அல்லவா?

இன்றைக்கு என்ன நடக்கிறது? இந்தச் செட்டிநாட்டில் ஆச்சி வீட்டு வளவுக்குள் போனால் செருப்பை முகப்பிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள் வெயிலில் கல் சுட்டாலும் வெறுங்காலோடு சுற்றுகிறார்கள். நாம் மட்டும் நகரத்துக் கோவிலில் ஷூவோடு பீடம்வரை நடக்கிறோம், வாசகம் வாசிக்கவும் ஷூவோடு ஏறுகிறோம். பக்கத்து வீட்டு ஆச்சி என்னிடம் ஒருமுறை கேட்டார், 'உங்க சாமி முன்னாடி செருப்புப் போட்டுக்கலாமாத்தா?' என்று. குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

சருகணியில் லெவே அடிகளார் கல்லறைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். பிரான்சில் பிறந்தவர், நம் மறவ நாட்டில் உழைத்து 1973 மார்ச் 21-ல் இறந்தார். அங்கே ஒரு அறிவிப்புப் பலகையும் தேவையில்லை. வருகிறவர்கள் தானாகச் செருப்பைக் கழற்றுகிறார்கள், தானாக மண்டியிடுகிறார்கள்.

தேனாற்றங்கரை தம்பிக்கு என் யோசனை: முன்வரிசைப் பெஞ்சு இரண்டு மூன்றை எடுத்துவிட்டுக் கோரைப்பாய் விரிக்கச் சொல்லுங்கள். செலவே இல்லை. முதலில் பேரவைக்குப் போகாதீர்கள். அன்பியத்தில், அதாவது தெருவாரியான சின்ன ஜெபக் கூட்டத்தில், பேசுங்கள். அங்கே அப்பத்தாவே வாய் திறந்து சொல்லட்டும்.

கல்லுப்பட்டறை:

நான் உங்கள் மதம் இல்லை. கல் என்று பேச்சு வந்ததால் உள்ளே வந்தேன். ஆத்தங்குடியில் எங்களுக்குப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில்.

பெயர்த்த பழைய கல்லை என்ன செய்தீர்கள்? தூக்கிப் போட்டுவிட்டீர்களா, அடுக்கி வைத்திருக்கிறார்களா? உடையாமல் இருந்தால் திரும்பப் பதிக்கலாம். அடியில் ஒட்டியிருக்கும் பழைய கலவையைத் தட்டி எடுக்க வேண்டும், கைவேலை, பொறுமை வேண்டும். எங்கள் கல் சூளையில் சுடுவது இல்லை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே நம்ம ஊர் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்போம். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஆள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க இன்னும் மெருகு ஏறும். முழங்கால் பட்ட கல் தனியாகத் தெரியும். பழைய பூசை அறைகளில் விளக்குக்கு முன்னால் இருக்கிற இரண்டு கல் மட்டும் வழுவழுவென்று இருக்கும், பார்த்தாலே சொல்லிவிடலாம்.

இன்னொன்று, டைல்ஸ் தரையில் வயசானவர்கள் கையை ஊன்றி இறங்கினால் வழுக்கும். எங்கள் கல் குளிர்ச்சி, ஆனால் கைக்குப் பிடிமானம் உண்டு.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி இடம் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 சதுர அடி. எட்டங்குலக் கல் என்றால் 162 கல். அவ்வளவுதான். கல் இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

தேனாற்றங்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

சருகணி அக்கா சொன்னபடி அன்பியத்தில் பேசினோம். அப்பத்தா அதிகம் பேசவில்லை. 'எனக்கு எடம் குடுங்க, நான் யாருக்கும் மறைக்காம ஓரமா இருந்துக்கிறேன்' என்றார். ஓரமா என்ற அந்தச் சொல் பாம்பாற்றுக்கரை அண்ணன் எழுதியதோடு சேர்ந்து என்னை உறுத்தியது. ஓரம் வேண்டாம், நடுவில்தான் இடம் என்று நான் சொன்னேன். அன்றைக்குத் தன்னார்வலராக இருந்த தம்பியும் கூட்டத்தில் இருந்தார். அவர் எழுந்து அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சை நகர்த்த முதலில் கை தூக்கியவரும் அவர்தான்.

பங்குத்தந்தையிடம் போனோம். டீச்சர் சொன்ன எண்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன், எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கூட்டத்துக்குத் தக்கபடி பெஞ்சு போட்டோம், முழங்கால் போடுகிறவர்களை நினைக்கவில்லை என்று அவரே சொன்னார். முன்னால் மூன்று பெஞ்சை எடுத்துப் பாய் விரித்திருக்கிறோம். கேமராவைப் பாடற்குழு மாடத்துக்கு ஏற்றியாயிற்று. போன ஞாயிறு அப்பத்தாவோடு இருபது பேருக்கு மேல் தரையில் இருந்தார்கள், பாதிப்பேர் பிள்ளைகள். சிலருக்குப் பிடிக்கவில்லை. 'பெஞ்சு கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கே, அதை எப்படிப் பின்னால் தள்ளலாம்' என்று ஒருவர் கோபப்பட்டார். அவரிடம் இன்னும் பேச வேண்டும்.

கல்லுப்பட்டறை அண்ணே, பழைய கல் கோவிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அடுக்கியபடியே இருக்கிறது. எண்ணினேன். உடையாதது 140 தேறும்.

கல்லுப்பட்டறை:

22 கல் குறைகிறது. ஒரு கல்லைக் கொண்டுவாருங்கள், அதே வண்ணத்தில் போட்டுத் தருகிறேன். புதுக்கல் முதலில் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும், அதை ஓரத்தில் பதித்துவிடலாம். நடுவில் பழசு.

பாடற்குழு தம்பி:

இரண்டு ஞாயிறாக நான் கையை எடுத்துவிட்டேன். முதல் வாரம் விரல் தானாகக் கட்டைக்குப் போனது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை, என்னவோ தவறு நடந்துவிட்டதுபோல இருந்தது. இரண்டாம் வாரம் எழுந்தேற்றத்தின்போது வெளியே காக்கை கத்துவது கேட்டது, யாரோ ஒரு குழந்தை 'சாமி' என்று சொன்னது கேட்டது. 14 வருடத்தில் அந்த இடத்தில் நான் முழங்கால் போட்டது அதுதான் முதல் தடவை. வாசித்துக்கொண்டே இருந்ததால் ஒருநாளும் போட்டதில்லை.

வாத்தியார் ஐயா, மணி எத்தனை தடவை அடிப்பீர்கள்? எங்கள் பையன்களுக்குத் தெரியவில்லை.

ஓய்வு வாத்தியார், தேவகோட்டை:

அப்பத்தின் மேல் சாமியார் கையை விரிக்கும்போது ஒன்று. அப்புறம் அப்பத்தை உயர்த்தும்போது மூன்று, கிண்ணத்தை உயர்த்தும்போது மூன்று. அவசரப்பட்டு அடிக்கக்கூடாது. ஒரு சத்தம் அடங்கிய பிறகு அடுத்தது. அடித்து முடித்ததும் மணியைத் தரையில் வைக்கும்போது சத்தம் கேட்கக்கூடாது, நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு வைக்கச் சொல்லுங்கள்.

பீடச்சிறுவன்:

எங்கள் கோவிலிலும் பழைய மணி இருக்கிறது. சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் தூபக்காலுக்குப் பின்னால் கிடந்தது. நாலு மணி சேர்ந்த பித்தளை. புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் நாக்கு கழன்று போயிருக்கிறது. காரைக்குடியில் இதை எங்கே சரிசெய்வார்கள்?

பாம்பாற்றுக்கரை:

தம்பி, நான் பற்றவைக்கிற பட்டறையில்தான் வேலை செய்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவா. ஞாயிறு முதல் பூசைக்குள் கொடுத்துவிடுகிறேன்.